சிரித்தேன், ஆனால் சிபாரிசு செய்ய மாட்டேன்

வாசகர் கேள்வி – பதில்

வெளிவருவதற்கு முன்பே ஒரு காமெடிப் படத்தைப் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டி, எங்கே சிரிக்கிறார்கள், எங்கே முகம் சுளிக்கிறார்கள் என்று பார்த்துத் திருத்துவது ஹாலிவுட்டில் ஏறக்குறைய நூறாண்டுப் பழக்கம். வரம்பு மீறிய காமெடிக்கு இந்தச் சோதனைக் காட்சி உயிர்நாடி. இது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் கலிஃபோர்னியாவில் பர்பேங்க்கில் இருக்கிறோம். தியேட்டர் வாசலில் ஒருவர் எனக்கும் என் மகளுக்கும் வயது கேட்டுவிட்டு இலவச அழைப்புச் சீட்டு கொடுத்தார். படத்தின் பெயரே இல்லை. 'ஆர் ரேட்டிங் எதிர்பார்க்கப்படும் துணிச்சலான காமெடி' என்று மட்டும் இருக்கிறது. போகலாமா? அங்கே என்ன நடக்கும்?
– வாசகி, பர்பேங்க்

தாராளமாகப் போகலாம். இதற்கு டெஸ்ட் ஸ்க்ரீனிங் என்று பெயர். ஸ்டுடியோவுக்காக ஓர் ஆய்வு நிறுவனம் ஆள் திரட்டுகிறது. வயதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஆண், பெண், 25 வயதுக்குக் கீழ், 25-க்கு மேல் என்று பார்வையாளர்களை நாலு கட்டமாகப் பிரித்து, படம் யாருக்காக எடுக்கப்பட்டதோ அவர்கள் போதிய அளவில் வரும்படி பார்த்துக்கொள்வார்கள். ஆர் ரேட்டிங் என்றால் 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்க முடியாத படம். அதனால் இத்தகைய காட்சிகளுக்கு 17-க்கு மேற்பட்டவர்களைத்தான் தேடுவார்கள். சினிமாத் துறையிலோ பத்திரிகையிலோ விளம்பரத் துறையிலோ வேலை செய்கிறீர்களா என்றும் கேட்பார்கள். 'ஆம்' என்றால் அழைப்பு கிடையாது. அதை மறைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கையில் சீட்டு இருந்தாலும் இடம் உறுதியில்லை. இலவசச் சீட்டு வாங்கியவர்களில் பலர் வரமாட்டார்கள் என்று தெரிந்தே, இருக்கைகளைவிட அதிகமாகச் சீட்டு கொடுத்திருப்பார்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் வரிசையில் நில்லுங்கள். வாசலில் கைபேசியை வாங்கி வைப்பார்கள், அல்லது பூட்டுப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். 'பார்த்ததை வெளியே சொல்லமாட்டேன், எழுதமாட்டேன்' என்ற ஒப்புதலில் கையெழுத்து வாங்குவார்கள். அது சட்டப்படி உங்களைக் கட்டுப்படுத்தும். வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப் குழுவில் கதையைப் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் பார்க்கப்போவது முடிந்த படம் இல்லை. இசை வேறு ஏதோ படத்திலிருந்து தற்காலிகமாக ஒட்டியதாக இருக்கும். நிறம் சரிசெய்யப்பட்டிருக்காது. கிராபிக்ஸ் வரவேண்டிய இடத்தில் பச்சைத்துணி தெரியலாம். தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள். ஆகவே 'பின்னணி இசை பொருந்தவில்லை' என்று கார்டில் (கடைசியில் தரும் கேள்வித்தாளை அப்படித்தான் சொல்வார்கள்) இடத்தை வீணாக்க வேண்டாம்.

படம் முடிந்ததும் இரண்டு பக்கக் கேள்வித்தாள் வரும். அதில்தான் உங்கள் வேலை இருக்கிறது. பிறகு இருபது பேர் போல ஒரு குழுவை நிறுத்தி, முன்வரிசைகளில் உட்காரவைத்து, ஒரு நெறியாளர் கால் மணி, இருபது நிமிடம் பேசவைப்பார். இயக்குநரும் தயாரிப்பாளரும் பின்வரிசையில் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் மனம் நோகுமே என்று பேச்சை மென்மையாக்கினால் அவர்களுக்குத்தான் நஷ்டம்.

ஒரு முக்கியமான யோசனை. நீங்களும் மகளும் அடுத்தடுத்த இருக்கையில் உட்காராதீர்கள். பச்சையான காமெடியைப் பெற்றோர் பக்கத்தில் இருந்து பார்க்கும் பிள்ளை சிரிப்பை அடக்கும். பிள்ளை பக்கத்தில் இருக்கும் தாயும் அடக்குவார். அங்கே இரண்டு பேரின் உண்மையான எதிர்வினையும் காணாமல் போகிறது. நாலு வரிசை தள்ளி உட்காருங்கள்.

கேள்வித்தாளில் 'நன்று' என்று குறித்தால் படத்துக்கு நல்லதுதானே?
– வாசகர், சான் ஹோசே

இல்லை. பலர் தெரியாமல் செய்யும் தவறு இது. ஐந்து படிகள் இருக்கும்: மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, சுமார், மோசம். ஸ்டுடியோ முதல் இரண்டு படிகளை மட்டும்தான் கூட்டிப் பார்க்கும். 300 கார்டில் 75 பேர் முதல் படி, 105 பேர் இரண்டாம் படி என்றால் மொத்தம் 180, அதாவது 60 சதவீதம். மீதி 120 பேரில் எத்தனை பேர் 'நன்று' என்று அன்போடு குறித்திருந்தாலும் அது அந்த எண்ணில் சேராது.

இரண்டாவது எண், 'நண்பர்களுக்குச் சிபாரிசு செய்வீர்களா' என்ற கேள்வியிலிருந்து வருகிறது. அதிலும் ஐந்து படிகள். 'நிச்சயமாகச் செய்வேன்' மட்டும்தான் கணக்கு, 'செய்யலாம்' சேராது. வரம்பு மீறிய காமெடி தடுமாறுவது இங்கேதான். அரங்கம் அதிரச் சிரித்திருப்பார்கள், மதிப்பெண்ணும் நன்றாகவே வந்திருக்கும், ஆனால் சிபாரிசு எண் கீழே கிடக்கும். 'நான் சிரித்தேன். ஆனால் அத்தையிடம் இதைப் பார் என்று எப்படிச் சொல்வது?' என்ற கூச்சம்தான் காரணம். ஆகவே சிபாரிசுக் கேள்விக்குப் பதில் எழுதும்போது, உண்மையில் யாரிடம் சினிமா பற்றிப் பேசுவீர்களோ அந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரையே நினைத்துக்கொண்டு எழுதாதீர்கள்.

இன்னொன்று. 'மிகவும் பிடித்த காட்சிகள்', 'பிடிக்காத காட்சிகள்' என்று இரண்டு காலி இடங்கள் இருக்கும். இந்த வகைப் படத்தில் ஒரே காட்சி இரண்டு பட்டியலிலும் முதலிடத்துக்கு வருவதுண்டு. அனுபவம் உள்ள தயாரிப்பாளர் அதைக் கண்டு பதறமாட்டார். யாருமே குறிப்பிடாத காட்சிதான் அவரைக் கவலைப்படுத்தும். உங்களுக்கு ஒரு காட்சி சிரிப்பையும் அருவருப்பையும் சேர்த்தே தந்தால், தயங்காமல் இரண்டு இடத்திலும் எழுதுங்கள். 'குளியலறைக் காட்சி: சிரித்தேன், ஆனால் கடைசி அரை நிமிடம் திரையைப் பார்க்க முடியவில்லை' என்று எழுதினால் எடிட்டருக்கு எந்த இடத்தில் கத்தரியை வைப்பது என்று தெரிந்துவிடும். 'ரொம்ப ஆபாசம்' என்ற இரண்டு சொல்லை வைத்து அவரால் எதுவும் செய்ய முடியாது.

சிரிப்பு வராத இடத்திலும் மரியாதைக்காகச் சிரிக்க வேண்டுமா? இலவசமாகக் கூப்பிட்டிருக்கிறார்களே.
– வாசகர், ஃப்ரீமான்ட்

வேண்டாம். அரங்கில் ஒலிப்பதிவுக் கருவி இருக்கும். சில சோதனைக் காட்சிகளில் இருட்டில் முகங்களைப் படமெடுக்கும் அகச்சிவப்பு கேமராவும் இருக்கும். உங்கள் மரியாதைச் சிரிப்பு அந்தப் பதிவில் ஏறினால், விழாத ஜோக் ஒன்று படத்தில் தங்கிவிடும்.

படம் அமெரிக்கக் காமெடி. அதில் இந்தியர் ஒருவரின் உச்சரிப்பைக் கேலி செய்யும் நீண்ட காட்சி. அரங்கமே சிரித்தது, எனக்குச் சுருக்கென்றது. கார்டில் எழுதினால் 'இவருக்கு நகைச்சுவை உணர்வு இல்லை' என்று தள்ளிவிட மாட்டார்களா?
– வாசகர், எடிசன், நியூஜெர்சி

எழுதும் விதத்தில் இருக்கிறது. வரம்பு மீறிய காமெடி எடுப்பவர்கள் 'மனம் புண்பட்டது' என்ற வாக்கியத்தை எதிர்பார்த்தே அரங்குக்கு வருகிறார்கள். அதைப் படித்தால் 'சரி, படம் உறைக்கிறது' என்று மகிழக்கூடச் செய்வார்கள். அவர்களை நிறுத்தி யோசிக்கவைப்பது குறிப்பான தகவல்.

முதலில் காட்சியை அடையாளம் சொல்லுங்கள்: 'மருந்துக்கடைக் காட்சி, வாடிக்கையாளர் மூன்றாவது முறை திருப்பிக் கேட்கும் இடம்'. அடுத்து, அதுவரை நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்களா, எந்த வரியில் சிரிப்பு நின்றுபோனது என்று எழுதுங்கள். மூன்றாவதாக, கேலி யார் மேல் விழுகிறது என்று எழுதுங்கள். புரிந்துகொள்ளாத வாடிக்கையாளரின் அசட்டுத்தனத்தைப் பார்த்துச் சிரிக்கிறோமா, அல்லது கடைக்காரர் பேசுவதையே சிரிப்பாக்குகிறார்களா? இரண்டுக்கும் வசனம் ஒன்றாகவே இருக்கலாம். கேமரா யார் முகத்தில் நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம் வரும். அதனாலேயே இது திருத்தக்கூடிய தவறு. எதிர்வினை காட்டும் ஷாட்டை மாற்றினாலே கேலியின் இலக்கு மாறிவிடும். கடைசியாக ஒன்று. அந்த இடத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் படத்தோடு ஒட்டாமல் இருந்தீர்கள் என்பதையும் சேருங்கள். 'அடுத்த பத்து நிமிட ஜோக்குகள் என் காதில் விழவில்லை' என்பது எந்த இயக்குநருக்கும் வலிக்கும் வாக்கியம்.

உங்களுக்குச் சுருக்கென்றது செல்லுபடியாகும் எதிர்வினைதான். நானூறு பேர் சிரித்தார்கள் என்பதால் அது குறைந்துவிடாது. கார்டு தருவதே அதைக் கேட்கத்தான்.

ஒரே படத்துக்கு ஒரு நாள் சிரிப்பே இல்லை, இன்னொரு நாள் கூரை பிய்த்துக்கொண்டு போகிறது என்று படித்தேன். படம் ஒன்றுதானே, எப்படி?
– வாசகர், திருநெல்வேலி

பில்லி வைல்டரின் 'சம் லைக் இட் ஹாட்' (1959) இதற்குச் சரியான உதாரணம். இரண்டு ஆண்கள் பெண் வேடமிட்டு ஒளியும் கதை, அந்தக் காலத்துக்குத் துணிச்சலானது. லாஸ் ஏஞ்சலஸின் பசிஃபிக் பாலிசேட்ஸ் பகுதியில் நடந்த முதல் பிரிவியூவில் சிரிப்பே எழவில்லை. வைல்டர் படத்தைப் பிரித்துப் போடவில்லை. கிட்டத்தட்ட அதே படத்தைக் கல்லூரி மாணவர்கள் நிறைந்த வெஸ்ட்வுட்டில் திரையிட்டார். அரங்கம் சிரித்துத் தீர்த்தது. மாறியது பார்வையாளர்கள் மட்டும்தான்.

மெல் ப்ரூக்ஸின் 'பிளேஸிங் சாடில்ஸ்' (1974) படத்தை முதலில் பார்த்தவர்கள் வார்னர் ஸ்டுடியோவின் உயரதிகாரிகள். அறை அமைதியாக இருந்தது. பிறகு அதே ஸ்டுடியோவில் வேலை செய்த செயலாளர்கள் முதலான சாதாரண ஊழியர்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகும் ஸ்டுடியோ தரப்பு வெட்ட வேண்டிய காட்சிகளை அடுக்கியது. இறுதி வடிவத்தின் உரிமை ஒப்பந்தப்படி தன்னிடம் இருந்ததால் ப்ரூக்ஸ் ஏறக்குறைய எதையும் வெட்டவில்லை.

இதற்குப் பின்னால் உடலியல் உண்மை ஒன்று இருக்கிறது. சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் ப்ரொவைன், தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது மனிதர்கள் முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். சிரிப்பு பக்கத்து ஆளிடமிருந்து தொற்றிக்கொள்வது. பாதி அரங்கம் காலியாக இருந்தால் இடைவெளியைத் தாண்டித் தொற்றாது. அதிகாரிகளின் அறையில் வேறொரு தடையும் உண்டு. தலைவர் சிரிக்கிறாரா என்று மற்றவர்கள் காத்திருப்பார்கள், தலைவரோ வழக்கு வருமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். அசிங்கமான ஜோக்குக்கு முதலில் சிரிப்பவர் தன்னைக் காட்டிக்கொடுக்கிறார். அந்த முதல் ஆள் கிடைக்க, ஒருவரையொருவர் தெரியாத கூட்டமும் நல்ல இருட்டும் வேண்டும்.

ஆனால் எல்லாப் பழியையும் பார்வையாளர் மேல் போட்டுவிட முடியாது. 'மான்டி பைத்தான் அண்ட் தி ஹோலி கிரெயில்' (1975) படத்தின் முதல் திரையிடல் படுத்தபோது, ஒலித்தடமும் ஒரு காரணம் என்று கண்டுபிடித்தார்கள். சத்தங்களை அடர்த்தியாக அடுக்கியிருந்ததில் ஜோக் மூழ்கிப்போனது. ஒலியைத் திருத்தி, எழுதப்பட்ட இசையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இசை நூலகத்திலிருந்து வீரகாவியத் தொனியுள்ள இசையை வைத்து, மறுபடி மறுபடி திரையிட்டுத் திருத்தினார்கள். இன்று அந்தப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு இவ்வளவு நடந்தது தெரியவே தெரியாது.

'ஆங்கர்மேன்' (2004) இதைவிடப் பெரிய அறுவை சிகிச்சை. வங்கிக் கொள்ளைக் கும்பல் ஒன்றின் கிளைக்கதை சோதனைக் காட்சிகளில் எடுபடவில்லை. கதையின் பின்பாதியையே மாற்றிப் புதிதாகப் படம்பிடித்தார்கள். ஒதுக்கிய காட்சிகளை வைத்து இன்னொரு முழுநீளப் படமே தொகுத்து வீடியோவாக வெளியிட முடிந்தது. அவ்வளவு மிச்சம் இருந்தது.

நாங்கள் நாலு நண்பர்கள் 14 நிமிடக் குறும்படம் எடுத்திருக்கிறோம். அடாவடியான காமெடி, கொஞ்சம் பச்சையாகவும் இருக்கும். போட்டிக்கு அனுப்பும் முன் நாங்களே ஒரு டெஸ்ட் ஸ்க்ரீனிங் நடத்த முடியுமா? செலவு செய்ய வசதியில்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

முடியும், கட்டாயம் செய்யுங்கள்.

முதலில் ஆட்கள். 30-லிருந்து 40 பேர் போதும். நண்பர்களையும் நடிகர்களின் உறவினர்களையும் கூப்பிடாதீர்கள். அவர்கள் ஆளைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஜோக்குக்குச் சிரிக்கமாட்டார்கள். 'நண்பரின் நண்பர்' என்ற அளவில் நிறுத்துங்கள். எல்லோரும் 18 தாண்டியவர்களாக இருக்கட்டும். பச்சையான படம் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கூப்பிட்டால் முதல் கெட்ட வார்த்தையிலேயே பாதிப் பேர் இறுகிப்போவார்கள், நீங்கள் அளப்பது அதிர்ச்சியாக இருக்குமே தவிர உங்கள் படமாக இருக்காது.

இடம் சிறியதாக இருக்கட்டும். 35 பேருக்கு 40 நாற்காலி, நெருக்கமாக. 150 பேர் உட்காரும் கல்லூரி அரங்கில் 35 பேரைச் சிதறவிட்டால் சார்லி சாப்ளின் படமே எடுபடாது. விளக்கை முழுக்க அணையுங்கள். திரைக்குப் பக்கத்தில் லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரை நம்பாமல் இரண்டு நல்ல ஸ்பீக்கர் வாடகைக்கு எடுங்கள். கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, வசனம் தெளிவாகக் கேட்கிறதா என்று முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள். கேட்காத ஜோக்கை விழாத ஜோக் என்று தவறாகக் கணக்கெடுப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

அடுத்து ஒலிப்பதிவு. படத்தின் தொடக்கத்தில், முதல் காட்சிக்குச் சரியாக இரண்டு விநாடி முன்னால் ஒரு 'பீப்' ஒலியை வைத்துவிடுங்கள். திரைக்குக் கீழே பார்வையாளரை நோக்கி ஒரு கைபேசி, அறையின் பின்பக்கம் இன்னொன்று, இரண்டையும் விமானப் பயன்முறையில் போட்டு ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். பதிவு செய்யப்போவதை முன்னதாகவே அறிவித்துச் சம்மதம் வாங்குவது மரியாதை. பிறகு எடிட்டிங் மென்பொருளில் அந்தப் பீப்பை வைத்துப் பதிவைப் படத்தோடு பொருத்தினால், எந்த பிரேமில் சிரிப்பு தொடங்கி எந்த பிரேமில் அடங்குகிறது என்று அலைவடிவத்திலேயே தெரியும். ஜட் அபடோ போன்ற ஹாலிவுட் தயாரிப்பாளர்கள் செய்வதும் அடிப்படையில் இதையே. ஒரு ஜோக்குக்கு பல மாற்று வசனங்களைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சோதனைக் காட்சியின் சிரிப்பையும் பதிவுசெய்து, எது பலமாக விழுந்தது என்று ஒப்பிடுகிறார்கள்.

இப்போது கேட்கப் பழக வேண்டும். வரம்பு மீறிய காமெடிக்கு அரங்கம் எழுப்பும் ஓசை ஒரே மாதிரி இருக்காது. நேரடியான சிரிப்பு ஒன்று. 'ஐயையோ' என்று மூச்சை இழுத்துவிட்டு அரை விநாடி கழித்து வெடிக்கும் சிரிப்பு இன்னொன்று. இந்த வகைப் படத்தின் உச்சம் அதுதான், அதைத் தொடாதீர்கள். 'சீ' என்ற முனகல் வந்து அதோடு நின்றுவிட்டால், அதிர்ச்சி இருக்கிறது, ஜோக் இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் அடுத்த ஷாட்டில் யாராவது ஒருவரின் முகபாவம் தேவைப்படுகிறது. முழு அமைதியும் நாற்காலி நகரும் சத்தமும் வந்தால் அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது.

விழுந்த ஜோக்குக்கும் ஆபத்து உண்டு. சிரிப்பு ஓய்வதற்குள் அடுத்த வசனம் வந்தால் அது யார் காதிலும் விழாது. அதில் கதைக்குத் தேவையான தகவல் இருந்தால் அதோடு கதையும் போயிற்று. சிரிப்பு மூன்று விநாடி நீடித்தால், விநாடிக்கு 24 பிரேம் கணக்கில் 72 பிரேம். அதற்காக 72 பிரேமையும் காலியாக விட்டுவிடாதீர்கள். கைபேசியில் தனியாகப் பார்ப்பவருக்கு அது பள்ளமாகத் தெரியும். சிரிப்பு உச்சத்தைத் தாண்டிச் சரியத் தொடங்கும் இடத்தில், சுமார் 45-லிருந்து 50-ஆவது பிரேமில், அடுத்த வசனத்தைத் தொடங்குங்கள். நாடக மேடையில் நடிகர்கள் எப்போதும் செய்வது இதுதான். இடைவெளியை வெறும் ஷாட்டால் நிரப்பாமல் ஏதாவது நடக்கும்படி வையுங்கள். 'சம் லைக் இட் ஹாட்' படத்தில் ஜாக் லெமன் நிச்சயதார்த்தச் செய்தியைச் சொல்லும் காட்சியில், ஒவ்வொரு வரிக்குப் பின்னும் கையிலிருக்கும் கிலுகிலுப்பைகளை ஆட்டுவார். சிரிப்புக்கு இடம்விடத்தான் வைல்டர் அதைக் கையில் கொடுத்தார்.

படம் முடிந்த அடுத்த நொடியே, யாரும் யாரோடும் பேசுவதற்கு முன், ஒரு பக்கக் கேள்வித்தாளைக் கொடுங்கள். பேனாவையும் நீங்களே கொடுங்கள். பேர் எழுதச் சொல்லாதீர்கள். ஐந்து படி மதிப்பெண், சிபாரிசு, பிடித்த காட்சி, பிடிக்காத காட்சி, எங்கே புரியவில்லை, எங்கே இழுத்தது, வயது, ஆணா பெண்ணா, இவ்வளவு போதும். கார்டுகளை வாங்கிய பிறகுதான் கலந்துரையாடல். வரிசையை மாற்றினால் முதலில் சத்தமாகப் பேசியவரின் கருத்தையே எல்லோரும் எழுதித் தருவார்கள். கலந்துரையாடலை இயக்குநர் நடத்தக்கூடாது. படத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர் நடத்தட்டும். 'அது ஏன்னா…' என்று நீங்கள் விளக்கத் தொடங்கிய நொடியில் அவர்கள் உங்களைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவார்கள்.

கார்டில் இருக்கும் யோசனைகளை அப்படியே கேட்க வேண்டியதில்லை. பிரச்சினை இருக்கும் இடத்தைப் பார்வையாளர் பெரும்பாலும் சரியாகக் காட்டுவார், ஆனால் மருந்து அவர் சொல்வதாக இருக்காது. 'பத்தாவது நிமிடம் போரடித்தது' என்று ஏழு பேர் எழுதினால் பத்தாவது நிமிடத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒன்பதாவது நிமிடத்தில் மிகப்பெரிய அருவருப்புக் காட்சி இருந்திருக்கலாம். அத்தகைய உச்சத்துக்குப் பிறகு உடல் சோர்ந்துபோகும், அடுத்து வரும் சாதாரண ஜோக் எதுவும் எடுபடாது. அங்கே ஒரு நிமிடம் அமைதியான கதைப்பகுதியை நகர்த்தி வைத்தால் சரியாகிவிடும். அதேபோல் 'நடுவில் அசிங்கம் அதிகம்' என்று எழுதினால் தொடக்கத்தைப் பாருங்கள். இது எந்த அளவுக்குப் போகும் படம் என்று முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு காட்சி அறிவித்துவிட வேண்டும். சாதுவாகத் தொடங்கி ஆறாவது நிமிடத்தில் திடீரென்று எல்லை தாண்டினால் பார்ப்பவருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வு வரும்.

திருத்திய படத்தைப் பழைய ஆட்களுக்கே காட்டாதீர்கள், அவர்களுக்கு ஜோக் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய 30 பேர். இரண்டு சுற்று அவசியம். மூன்றாவது கிடைத்தால் நல்லது.

டொராண்டோ திரைப்பட விழாவின் நள்ளிரவுக் காட்சிகளில் இத்தகைய காமெடிகளை வெளியீட்டுக்கு முன்பே பார்த்திருக்கிறோம். அதுவும் டெஸ்ட் ஸ்க்ரீனிங்தானா?
– வாசகர், ஸ்கார்பரோ

இல்லை, அது அறிமுக விழா. 'மிட்நைட் மேட்னஸ்' பிரிவுக்கு வருபவர்கள் அந்த வகைப் படத்தின் தீவிர ரசிகர்கள். அங்கே எழும் சிரிப்பை வைத்துச் சாதாரண வெள்ளிக்கிழமைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று கணிக்க முடியாது. 2006-இல் 'போரட்' அங்கே திரையிடப்பட்டபோது படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் புரொஜெக்டர் பழுதாகி நின்றுபோனது. பார்வையாளராக வந்திருந்த ஆவணப்பட இயக்குநர் மைக்கேல் மூர் சரிசெய்து பார்த்தும் பலிக்காமல், காட்சியை நிறுத்த வேண்டியதாயிற்று. அப்போதும் கூட்டம் உற்சாகமாகவே இருந்தது. ஆய்வு நிறுவனம் திரட்டிய கூட்டமாக இருந்தால் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

தமிழ் சினிமாவில் ஏன் இப்படிச் செய்வதில்லை?
– வாசகி, சென்னை

பிரிவியூ தியேட்டர்களில் காட்சிகள் நடக்கின்றன, ஆனால் பெரும்பாலும் துறையைச் சேர்ந்தவர்களுக்கும் விநியோகஸ்தர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும். அவர்கள் தொழில்முறைப் பார்வையாளர்கள், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவிடுபவர்கள். தயாரிப்பாளர் கதவோரம் நிற்க, வெளியே வருபவர் கையைக் குலுக்கி 'நல்லா இருக்கு சார்' என்றுதான் சொல்வார். கதை வெளியே கசியும் என்ற பயம் இன்னொரு காரணம். விளைவாக, உண்மையான சோதனைக் காட்சி முதல் நாள் முதல் காட்சியாகவே ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு நீளத்தைக் குறைத்தால், சான்றிதழ் பெற்ற படத்தில் செய்த மாற்றத்தைத் தணிக்கை வாரியத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். அதற்குள் விமர்சனம் எல்லாம் வந்து முடிந்திருக்கும்.

ஆனால் நம்மிடம் வேறொரு வழி இருந்தது. சபா நாடகம். நூறு முறை மேடையேறிய நாடகத்தில் எந்த வரிக்கு எத்தனை விநாடி சிரிப்பு என்று நடிகர்களுக்கு மனப்பாடம். கே. பாலசந்தரின் 'எதிர்நீச்சல்' (1968) மேடையில் வெற்றிபெற்ற பிறகு படமானது. கிரேஸி மோகனின் 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்திலிருந்து 'பொய்க்கால் குதிரை' (1983) வந்தது. ஹாலிவுட்டிலும் 1935-இல் தயாரிப்பாளர் இர்விங் தால்பெர்க், நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்களை 'எ நைட் அட் தி ஓபரா' படப்பிடிப்புக்கு முன்பே ஊர் ஊராக மேடையேற்றி, ஜோக்குகளுக்கு எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று அளந்து திரைக்கதையைச் சீர்செய்தார். இன்று ஸ்டாண்ட்-அப் மேடைகள் சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன. காமெடிப் படம் எழுதுபவர்கள் ஒரு பத்து நிமிடப் பகுதியை அங்கே சோதித்துப் பார்க்கப் பெரிய செலவில்லை. செய்தால் நன்றாக இருக்கும் என்று மனதாரச் சொல்கிறோம்.

டெஸ்ட் ஸ்க்ரீனிங்கில் பாதியில் எழுந்து வந்துவிட்டால் கோபித்துக்கொள்வார்களா?
– வாசகர், சிங்கப்பூர்

மாட்டார்கள். வாசலில் ஒருவர் நின்று, ஏன் கிளம்புகிறீர்கள் என்று கேட்டு நேரத்தோடு குறித்துக்கொள்வார். கழிப்பறைக்குப் போகிறீர்களா, குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் கூப்பிட்டாரா, அல்லது படம் தாங்கவில்லையா என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள். எந்தக் காட்சியில் எழுந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.